ஆநிரை முதல் மைனஸ் 196 வரை: செங்கத்து மாடும் திரவ நைட்ரஜனும்

செங்கம் என்றால் வரலாறு படிக்கிறவங்களுக்கு முதலில் நினைவுக்கு வர்றது நடுகற்கள்தான். இரா. நாகசாமி பதிப்பித்து 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ புத்தகத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். மாட்டைக் கவர வந்தார்கள், மீட்கப் போனான், செத்தான், கல் நட்டார்கள். பல்லவர் காலத்தில் இந்த வட்டாரத்தில் மனுஷன் உயிரைக் கொடுத்ததற்குப் பெரும்பாலான காரணம் மாடு. எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் வளர்த்த நாயும் இருக்கு. கோவிவன் என்று அதுக்குப் பேர்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள். திருடனைக் கடித்துக் காவல் காத்த நாய்.

அந்தக் காலத்தில் ஒரு ஊரின் சொத்தை அபகரிக்கணும்னா மந்தையை ஓட்டிக்கொண்டு போகணும். தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்றும் பொருள். இன்றைக்கு அதே செங்கம் வட்டாரத்தில் மாட்டுச் செல்வத்தின் பாதி, அதாவது தகப்பன் பக்கத்துப் பாதி, மந்தையில் இல்லை. கால்நடை மருந்தகத்தின் மூலையில் நிற்கும் அலுமினிய கேனுக்குள் இருக்கு. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், கால் மில்லி கொள்ளும் பிளாஸ்டிக் குச்சிகளில். ஊரில் இதை ‘சினை ஊசி’ என்போம். அரசு ஆவணங்களில் ‘உறைவிந்து’.

கிரையோஜெனிக்ஸ் என்றதும் எல்லோரும் ராக்கெட்டைத்தான் பேசுவோம். மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் இஸ்ரோ எஞ்சின்கள் பெரிய கதைதான். மைனஸ் 253-இல் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183-இல் திரவ ஆக்சிஜன், 2010 ஏப்ரல் 15 தோல்வி, 2014 ஜனவரி 5 ஜி.எஸ்.எல்.வி. டி5 வெற்றி. அதை நிறையப் பேர் எழுதிட்டாங்க. ஆனால் கடுங்குளிர் தொழில்நுட்பம் ஒரு சாதாரணத் தமிழ்நாட்டுக் குடும்பத்தின் மாத வருமானத்தைத் தொட்ட இடம் எதுன்னு கேட்டால், என் பதில் மாட்டுக்கொட்டகை. இந்தக் கட்டுரை அந்தக் கதை.

காற்றைத் தண்ணீராக்கியவர்கள்

19ஆம் நூற்றாண்டில் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் மாதிரி சில வாயுக்களை ‘நிரந்தர வாயுக்கள்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது என்ற நம்பிக்கை. 1877-இல் பிரான்ஸின் கையேத்தே ஆக்சிஜனை ஒரு நொடி மூடுபனியாகக் காட்டினார். 1883-இல் போலந்தின் கிராக்கூவ் நகரில் விரூப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி இருவரும் ஆக்சிஜனையும், அதே ஆண்டு நைட்ரஜனையும் திரவமாக்கிவிட்டார்கள்.

திரவமாக்கினால் போதுமா? வைக்கிறதுக்குப் பாத்திரம் வேணுமே. நம்ம அறையின் வெப்பமே திரவ நைட்ரஜனுக்கு அடுப்பு மாதிரி. 1892-இல் லண்டனில் ஜேம்ஸ் டிவார் இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் வைத்த குடுவையைச் செய்தார். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பின்னால் ஜெர்மனியில் ‘தெர்மாஸ்’ என்ற பெயரில் அதை விற்றவர்கள்தான் காசு பார்த்தார்கள். நம்ம ஊர் டீக்கடை பிளாஸ்க்கும் மாட்டாஸ்பத்திரி நைட்ரஜன் கேனும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

1895-இல் கார்ல் வான் லிண்டே காற்றைத் தொழிற்சாலை அளவில் திரவமாக்கும் முறையைக் கொண்டுவந்தார். அழுத்திய காற்றைச் சின்ன வாய் வழியே விரியவிட்டால் குளிரும். அந்தக் குளிரைக் கொண்டே அடுத்து வரும் காற்றைக் குளிரவைத்து, மறுபடி விரியவிட்டு, இப்படியே சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் சொட்டும். உலகத்துக்கு வேண்டியிருந்தது ஆக்சிஜன்தான்: வெல்டிங்குக்கு, எஃகுக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஆனால் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆக்சிஜனைப் பிரிக்கும்போது கூடவே மலையளவு நைட்ரஜன் வந்து நின்றது. அது மலிவாகக் கிடைத்ததால்தான் பிற்காலத்தில் பட்டிதொட்டி வரை போக முடிந்தது.

இந்தியாவில் இதைவிடக் கீழே இறங்கியவர்களில் ஒரு தமிழர் பெயரைச் சொல்லியாகணும். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் இயக்குநராக இருந்த டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு 1952-இல் ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரம் வந்தது. மைனஸ் 269 டிகிரி. நம் நாட்டில் கடுங்குளிர் இயற்பியல் அங்கேதான் வேர்விட்டது.

லேபிள் மாறிய ஒரு புட்டி

உயிரணுவை உறையவைத்தால் ஏன் சாகுது? குளிர் கொல்வதில்லை, பனிக்கட்டிதான் கொல்லுது. அணுவைச் சுற்றியுள்ள தண்ணீர் பனியாகப் பிரியும்போது மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்புக்கரைசல் அணுவின் சவ்வைக் கெடுத்துவிடும். ரொம்ப வேகமாகக் குளிரவைத்தால் அணுவுக்கு உள்ளேயே ஊசி ஊசியாகப் பனி பிடித்துக் கிழித்துவிடும்.

1940-களின் கடைசியில் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில் கிறிஸ்டபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தை மைனஸ் 79-இல் உறையவைத்து மீட்க முயன்றார்கள். ஃபிரக்டோஸ் சர்க்கரை கலந்து பார்த்தார்கள், சரிவரவில்லை. சில மாதம் விட்டுவிட்டு, குளிர் அறையில் இருந்த பழைய ‘ஃபிரக்டோஸ்’ புட்டியை எடுத்து மறுபடி செய்தால், விந்தணுக்கள் உருகி நீந்துது! புதுசாக ஃபிரக்டோஸ் கரைசல் செய்து பார்த்தால் மறுபடி தோல்வி. மிச்சமிருந்த கொஞ்சூண்டு பழைய கரைசலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் சர்க்கரையே இல்லை. கிளிசரினும் புரதமும் இருந்தது. கண்ணாடித் தகட்டில் திசுவை ஒட்டப் பயன்படும் வேறொரு கலவையின் புட்டியோடு லேபிள் மாறியிருக்கு.

1949-இல் அந்தக் கண்டுபிடிப்பு ‘நேச்சர்’ இதழில் வந்தது. கிளிசரின் அணுவுக்குள்ளே புகுந்து, தண்ணீர் பனியாகும் அளவைக் குறைத்து, உப்பு ஏறாமல் காப்பாற்றுது. அந்த உப்பு விளக்கத்தை 1953-இல் எழுதியவர் அதே நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் லவ்லாக். பூமி மொத்தமும் ஒரே உயிர்போல இயங்குது என்ற ‘கையா’ கருத்தால் பின்னாளில் பிரபலமானாரே, அவரேதான். 1951-இல் உறைவிந்தின் மூலம் முதல் கன்று பிறந்தது.

முதலில் உலர்பனியில், அதாவது மைனஸ் 79-இல்தான் வைத்தார்கள். அங்கே வேதிமாற்றம் மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். பனிப்படிகங்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். சுமார் மைனஸ் 130-க்குக் கீழே போனால்தான் நிஜமாகவே எல்லாம் நிற்கும். 1950-களின் இரண்டாம் பாதியில் அமெரிக்க மாட்டு இனவிருத்தி நிறுவனங்கள் திரவ நைட்ரஜனுக்கு மாறின. மைனஸ் 196-இல் காலம் நின்றுபோச்சு என்றே சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் 1968-இல் உறையவைத்த மெரினோ கிடாவின் விந்தை 50 வருஷம் கழித்து எடுத்து 56 ஆடுகளுக்குச் செலுத்தினார்கள், 34 சினை பிடித்தது. புதிதாக உறையவைத்த விந்துக்கு இது சளைத்ததல்ல.

இன்னொரு சின்ன விஷயம். விந்தை அடைக்கும் குச்சி எங்கிருந்து வந்தது தெரியுமா? டென்மார்க்கின் சோரென்சென் என்ற கால்நடை மருத்துவர் தன் மகளின் பிறந்தநாள் விழாவில் குழந்தைகள் ஸ்ட்ராவில் பானம் குடிக்கிறதைப் பார்த்து எடுத்த யோசனை. அதைப் பிரான்ஸின் கஸ்ஸூ பிளாஸ்டிக்கில் செய்து, அதைச் செலுத்தும் துப்பாக்கியையும் வடிவமைத்தார். நம்ம ஊரில் இன்னும் அதுக்கு ‘ஸ்ட்ரா’ என்றே பேர்.

பொலிகாளையிலிருந்து கேனுக்கு

இந்தியாவில் செயற்கை முறை கருவூட்டல் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் என்பவரால் தொடங்கியது. 1942-இல் இஸத்நகர் ஆய்வுக் கழகம் முறையாக எடுத்துச் செய்தது. 1943-இல் அலகாபாத் வேளாண் கழகத்தில் இந்த முறையில் எருமைக் கன்று பிறந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ‘கீ வில்லேஜ்’ மையங்கள் வந்தன.

அப்போதெல்லாம் உறையவைப்பது கிடையாது. முட்டை மஞ்சள் கருவும் சிட்ரேட்டும் கலந்து ஐஸ் பிளாஸ்க்கில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பஸ்ஸில் ஏற்றி அனுப்பணும். பஸ் வரலைன்னா போச்சு. அதனால் காளை எங்கேயாவது பக்கத்தில்தான் இருக்கணும். ஊரில் கோயில் காளையோ, வசதியானவர் வீட்டுப் பொலிகாளையோ இருக்கும். மாடு கத்தினால் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வருவார்கள். எந்தக் காளை யாருக்குப் பிறந்தது, அதன் தாய் எவ்வளவு கறந்தது என்பது ஊருக்கே தெரியும்.

உறைவிந்து இந்தத் தூரத்தையும் நேரத்தையும் அறுத்துவிட்டது. 1963-இல் கேரள அரசும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து தொடங்கிய மூணாறு மாட்டுப்பட்டித் திட்டம் இந்தியாவில் இதன் முன்னோடிகளில் ஒன்று. 1970-இல் ‘வெண்மைப் புரட்சி’ திட்டம் தொடங்கியதும் பால் வாங்க ஆளும் வண்டியும் வந்தது. பால் விற்கும் வழி இருந்தால்தானே கறவையைப் பெருக்குவான்? தமிழ்நாட்டில் ஊட்டி, ஓசூர், தஞ்சாவூர் பக்கம் ஈச்சங்கோட்டை என்று உறைவிந்து நிலையங்கள் வந்தன. சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைக்குளிருக்கு ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பு என்பது அரசின் இனவிருத்திக் கொள்கை. கேனையும் நாமே செய்ய ஆரம்பித்தோம். நாசிக்கில் ஐ.பி.பி. தொடங்கிய தொழிற்சாலை பின்னால் இந்தியன் ஆயிலோடு சேர்ந்தது. இந்தியாவின் பல மருந்தகங்களில் இருக்கும் கேன் அங்கே செய்ததுதான்.

செங்கம் மாதிரி வானம் பார்த்த பூமிக்கு இது சின்ன மாற்றம் இல்லை. செய்யாறு ஓடினாலும் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. மானாவாரியில் மணிலா, சாமை, கேழ்வரகு. மழை பொய்த்தால் வருமானம் பூஜ்யம். பால் அப்படி இல்லை. காலையும் மாலையும் சொசைட்டியில் ஊற்றினால் சீராகக் காசு. அதுவும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில் புழங்கும் காசு. இரண்டு சீமை மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். உறைவிந்தைக் குறை சொல்றதுக்கு முன்னால் இதை மறக்கக் கூடாது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி

ஆனால் இந்தத் தொழில்நுட்பம் ஒரு சங்கிலி. ஊட்டியில் மைனஸ் 196. மாவட்டக் கிடங்கில் மைனஸ் 196. மருந்தகத்தில் மைனஸ் 196. பைக்கில் தொங்கும் சின்னக் கேனிலும் மைனஸ் 196 இருக்கணும். கடைசி நூறு மீட்டரில் ஒரு நிமிஷம் தவறினால் மொத்த உழைப்பும் வீண்.

எங்கெல்லாம் தவறும்? திரவ நைட்ரஜன் எந்தக் கேனிலும் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அளவுக்குச்சியை விட்டு, வெளியே எடுத்து ஆட்டினால் பனி படியும் உயரம்தான் மட்டம். அதைப் பார்த்து நேரத்துக்கு நிரப்பணும். ஸ்ட்ரா எடுக்கும்போது குவளையைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. சில நொடிகளிலேயே மற்ற ஸ்ட்ராக்கள் பாதி சூடாகி, திரும்ப உள்ளே போகும்போது மறுபடி உறையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே பனிப்படிகம் பெருத்துவிட்டது. உருக்கும் முறையும் அப்படித்தான். 37 டிகிரி வெந்நீரில் 30 நொடி என்பது விதி. தெர்மாமீட்டர் இல்லாமல், சட்டைப்பையில் வைத்தோ கையில் தேய்த்தோ உருக்கினால் பல அணுக்கள் அங்கேயே செத்துப்போகும். ஒரு ஸ்ட்ராவில் சுமார் 2 கோடி விந்தணு அடைக்கிறார்கள். எத்தனை நீந்தப் போகுது என்பது இந்த அரை நிமிஷத்தில்தான் இருக்கு.

இதில் மாட்டுக்காரர் பங்கும் உண்டு. காலையில் வழும்பு தெரிந்தால் சாயங்காலம் போடணும், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. ஞாயிற்றுக்கிழமையில் மாடு கத்தினால்? மழையில் பாலம் மூழ்கினால்? ஜவ்வாது மலை மேலே இருக்கும் சிற்றூருக்குக் கேன் ஏறுமா? தவறினால் அடுத்த வாய்ப்பு 21 நாள் கழித்து. தீவனத்துக்கு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு ‘சினை நிக்கல’ என்பது 3,150 ரூபாய். மூன்று முறை நிக்கலன்னா 9,450. நாலாவது முறை மாடு சந்தைக்குப் போகும். மந்தையைக் கவர்ந்து போக இன்றைக்குக் கள்வர்கள் வர வேண்டியதில்லை. மட்டம் இறங்கிய ஒரு கேன் போதும்.

எங்க சாஃப்ட்வேர் தொழிலில் சர்வரை எவ்வளவு பாதுகாப்பாக வைத்தாலும் கடைசிப் பயனரின் கையில்தான் எல்லாம் உடையும் என்போம். இங்கேயும் அதே கதை. முதலீடெல்லாம் உறைவிந்து நிலையத்தில். பிரச்சினையெல்லாம் பைக்கின் பின்சீட்டில்.

ஒரு காளையின் லட்சக்கணக்கான கொள்ளுப்பேத்திகள்

இன்னொரு விலையும் இருக்கு. காளை பால் கறக்காது. அதன் மகள்கள் கறந்து காட்டினால்தான் தகப்பனின் தரம் தெரியும். அதற்கு ஐந்தாறு வருஷம் ஆகும். உறைவிந்து வந்த பிறகு, காளையின் விந்தைச் சேமித்து வைத்துவிட்டு மகள்களின் கணக்கு வரும்வரை காத்திருக்கலாம். தேறினால் உலகம் முழுக்க விற்கலாம். காளை செத்துப்போயிருந்தாலும் கவலை இல்லை.

1962-இல் அமெரிக்காவில் பிறந்த ‘பாவ்னி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கும் மேல் கொள்ளுப்பேத்திகள். பாலைப் பெருக்கிய காளை. பல பத்தாண்டு கழித்து மரபணு பார்க்கும் வசதி வந்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு கெட்ட மரபணுவையும் சுமந்திருந்தது. தாய்வழி தகப்பன்வழி இரண்டிலும் அது சேர்ந்தால் கன்று கருவிலேயே கலையும். உலக அளவில் சுமார் 5 லட்சம் கருச்சிதைவுகளுக்கு அந்த ஒரு காளை காரணம் என்று 2016-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்படியும் கூட்டிக் கழித்தால் லாபம்தான் என்றும் அதே கணக்கு சொல்லுது. ஊருக்கு ஒரு பொலிகாளை இருந்த காலத்தில் இப்படி ஒரு பிழை பரவ வழியே இல்லை.

நம் பக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. தமிழ்நாட்டு மாடுகளில் இப்போது பெரும்பகுதி கலப்பினம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலம்பாடி, ஈரோட்டு மலையின் பர்கூர் போன்றவை ஏருக்கும் வண்டிக்கும் பேர்போன இனங்கள். ஏர் போய் டிராக்டர் வந்தபோதே அவற்றின் வேலை போச்சு. பால் கணக்கில் அவை ஜெர்சிக் கலப்போடு போட்டி போட முடியாது. காளை வைத்திருந்தவர் விற்றுவிட்டார். காளை இல்லாததால் நாட்டு மாட்டுக்கும் சீமை ஸ்ட்ராவே விழுந்தது. உறைவிந்து மட்டுமே இதைச் செய்துவிடவில்லை, ஆனால் வேகத்தைக் கொடுத்தது அதுதான். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டம் நாட்டுக்காளையைப் பேசியது. ஆனால் கேள்வி வாடிவாசலில் முடியவில்லை. மாடு கத்தும் நாளில் கேனில் எந்த ஸ்ட்ரா இருக்கு என்பதுதான் கேள்வி.

அதே குளிர், வேறு வேலை

ஜவ்வாது மலை மேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1986 ஜனவரி 6-இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே. அதில் பொருத்தும் சிசிடி கேமராவையும் திரவ நைட்ரஜன் கொண்டு குளிரவைத்துத்தான் பயன்படுத்துவார்கள். சிலிக்கான் சூடாக இருந்தால் வெளிச்சமே இல்லாதபோதும் எலக்ட்ரான்கள் தானாகக் கிளம்பி, பொய்யான ஒளியாகப் பதியும். மங்கலான விண்மீன் அந்த இரைச்சலில் காணாமல் போகும். குளிரவைத்தால் இரைச்சல் அடங்கும். நிஜமான ஒளி மட்டும் தெரியும்.

மலைமேல் அந்தக் குளிர் பொய்யை அடக்குது. அடிவாரத்தில் அதே குளிர் காலத்தை அடக்குது. அப்படியென்றால் எதை நிறுத்தி வைக்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுப்பது நம் கையில்தான் இருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டினத்தின் உறைவிந்து மட்டும் மிஞ்சி, பசுக்கள் எல்லாம் வேறு இனம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறைக் கன்றில் 50 சதவீதம் நாட்டு இரத்தம். அந்தக் கிடேரிக்கு மறுபடி அதே இனத்து ஸ்ட்ரா போட்டால் 75. அடுத்தது 87.5, பிறகு 93.75, ஐந்தாவதில் 96.9. தலைமுறைக்கு மூன்று வருஷம் என்றால் 15 வருஷம். முடியாத காரியம் இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, ஒரே காளையின் விந்து போதாது, உறவில்லாத பல காளைகள் வேணும். ஐந்து தலைமுறையும் ஒரே காளை என்றால் மகளுக்கே தகப்பன் என்று முடியும். இரண்டு, அந்தக் காளைகள் உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைக்கணும். தாய்வழி மைட்டோகாண்ட்ரியா மரபு வேணும்னா பசுவும் மிஞ்சணும், அல்லது கருவையே உறையவைக்கணும்.

பேக்கப் எடுக்கிறது சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யற வேலை. நின்றுபோன பிறகு எடுக்க எதுவும் இருக்காது. பர்கூரில் அந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வந்திருப்பது நல்ல தொடக்கம். அதன் பலன் செங்கம் மாதிரி வட்டாரத்துக்கு வர, விவசாயி கேட்டால் நாட்டு இன ஸ்ட்ராவும் கேனில் இருக்கணும். கேனில் நைட்ரஜன் மட்டமும் குறையாமல் இருக்கணும். உருக்கக் கையோடு ஒரு தெர்மாமீட்டரும் வேணும்.

பல்லவர் காலத்துச் செங்கத்தான் மாட்டுக்காக உயிரைக் கொடுத்தான், அவன் பேரைக் கல்லில் வெட்டினார்கள். இன்றைக்கு மாட்டைக் காக்க உயிர் வேண்டாம். கேனில் குச்சியை விட்டு மட்டம் பார்க்கும் பழக்கமும், வேண்டிய ஸ்ட்ராவைக் கேட்டு வாங்கும் விவரமும் போதும்.